பாலைவனத்தில் விட்டு வந்த கதை

மனைவியைப் பாலைவனத்தில் மறந்துவிட்டு வந்த கதையைச் செல்வரத்தினம் மிக நன்றாகச் சொல்வார். ஏப்ரல் மாதம் நடந்த சம்பவம் அது. நவம்பருக்குள் அந்தக் கதைக்குக் கையும் காலும் முளைத்துவிட்டது. எந்த இடத்தில் நிறுத்த வேண்டும், எந்த இடத்தில் குரலைத் தாழ்த்த வேண்டும் என்பதெல்லாம் அவருக்குப் பழகிப்போயிருந்தது. லண்டன் டூட்டிங் பகுதியில் யார் வீட்டுக்குச் சாப்பிடப் போனாலும் யாராவது ஒருவர், "அந்தப் பாலைவனக் கதையை ஒருக்கால் சொல்லுங்கோவன்" என்று கேட்பார். குணசுந்தரி பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பாள். எல்லாரும் அவளைப் பார்த்துச் சிரிப்பார்கள். அவளும் சிரிப்பாள் என்று காத்திருப்பார்கள். முதல் சில தடவை அவளும் சிரித்துத்தான் வைத்தாள்.

அவள் மலேசியாக்காரி. ஈப்போவில் பிறந்து, நர்ஸ் படிப்புக்காக லண்டனுக்கு வந்தவள். கணக்கியல் படிக்க யாழ்ப்பாணத்திலிருந்து வந்திருந்த செல்வரத்தினத்தைக் கலியாணம் செய்துகொண்டு டூட்டிங்கிலேயே தங்கிவிட்டாள். எண்பத்துமூன்று இனக்கலவரத்துக்குப் பிறகு அவர்கள் வீட்டில் ஆள் இல்லாத அறை என்று ஒன்று இருந்ததில்லை. முதலில் கணவரின் தம்பி யோகராஜா வந்தார். கொழும்பில் கடை எரிந்து, அகதி முகாமில் கிடந்து, உடுத்த உடுப்போடு வந்து சேர்ந்தவர். அவருக்குப் பின்னால் அவர் மனைவி சந்திரவதனா கைக்குழந்தையோடு வந்தாள். அதற்குப் பிறகு ஒன்றுவிட்ட சகோதரர்கள், அவர்களுடைய கூட்டாளிகள், கூட்டாளிகளின் மச்சான்மார். குணசுந்தரி இரவு ஷிப்ட் முடிந்து வந்து, தன் வீட்டுக் குளியலறைக்கே வரிசையில் நின்று, எல்லாருக்கும் சோறு வைத்துவிட்டுத்தான் படுப்பாள். அதில் அவளுக்குக் குறை ஒன்றும் இருந்ததில்லை. வீடு எரிந்து வந்தவர்களிடம் போய்ச் சுடுதண்ணீர் தீர்ந்துவிட்டது என்று முறைப்பட முடியாது.

ஆனால் யாரும் கூப்பிடாத ஓர் இடத்தில் கொஞ்ச நேரம் இருக்க வேண்டும் என்ற ஆசை மட்டும் அவளுக்குள் வளர்ந்துகொண்டே இருந்தது. அவள் வேலை செய்த வார்டின் தேநீர் அறையில் யாரோ ஒரு கலண்டரைத் தொங்கவிட்டிருந்தார்கள். அதில் ஒரு மாதத்துக்கு டெத் வேலியின் படம். கலிபோர்னியாவில் இருக்கிற பாலைவனம். வெள்ளைத் தரை, அதற்கப்பால் ஊதா நிறத்தில் மலை, மேலே வானம். ஒரு மனிதர் இல்லை. ஒரு மாடு ஆடு இல்லை. மாதம் முடிந்ததும் அந்தத் தாளைக் கிழித்து வந்து அலமாரிக் கதவின் உட்பக்கம் ஒட்டிவைத்தாள். பத்து வருடம் அது அங்கேயே இருந்தது.

தொண்ணூற்றைந்தில்தான் அதற்கு வேளை வந்தது. வந்தவர்கள் எல்லாரும் காலூன்றிப் போய்விட்டார்கள். யோகராஜா கிழக்கு லண்டனில், குட்மேய்ஸில் பலசரக்குக் கடை போட்டு, பக்கத்திலேயே வீடும் வாங்கியிருந்தார். டூட்டிங் வீட்டில் அவளும் கணவரும் பதினைந்து வயது மகள் தாரிணியும் மட்டும். முந்திய வருடம்தான் அந்தப் பாலைவனத்தைத் தேசியப் பூங்காவாக அறிவித்திருந்தார்கள். குணசுந்தரி லீவு சேர்த்து, டிக்கெட் போட்டு, கூடாரம் வாங்கி, பூங்காவுக்கு அவளே தொலைபேசியில் பேசி நான்கு இரவுக்கு இடம் பிடித்தாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை தூறலில் அவளும் தாரிணியும் பின்தோட்டத்தில் கூடாரத்தை அடித்துப் பார்த்தார்கள். செல்வரத்தினம் தேத்தண்ணிக் கோப்பையோடு குசினி ஜன்னலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

அதன் பிறகு ஒரு நாள் அவர் தம்பியோடு போனில் பேசினார். பேசி முடித்துவிட்டு வந்து, "யோகனும் வாறானாம்" என்றார்.

"எங்க?"

"உந்தப் பாலைவனத்துக்குத்தான். பிள்ளைகளுக்கும் ஈஸ்டர் லீவுதானே. நான் ஓம் எண்டிட்டன்."

வேண்டாம் என்று அப்போதே சொல்லியிருக்க வேண்டும் என்று பிறகு பல தடவை நினைத்தாள். யோகராஜா கெட்டவர் இல்லை. கூடாரத்தைப் பார்த்ததும் அவர் சொன்னதுகூட நியாயமான பேச்சுத்தான்: "அண்ணி, நாங்கள் சும்மா கிடைச்ச காம்பில கிடந்தது காணாதோ? இப்ப காசு குடுத்தும் காம்போ?" அவளுக்கே சிரிப்பு வந்தது. அப்படிப்பட்டவரிடம் வரவேண்டாம் என்று எப்படிச் சொல்வது?

லாஸ் ஏஞ்சலீஸில் இறங்கி இரண்டு கார் வாடகைக்கு எடுத்தார்கள். ஒரு மோட்டலில் இரவு தங்கினார்கள். காலையில் அவள் பையைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தபோது அண்ணனும் தம்பியும் கார் பொனட்டின் மேல் வரைபடத்தை விரித்து வைத்திருந்தார்கள். யோகராஜாவின் விரல் டெத் வேலியைத் தாண்டிப் போய் லாஸ் வேகாஸில் நின்றது.

"அண்ணி, காம்ப் ஒரு ராத்திரி காணும். கல்லும் மண்ணும்தானே, அதில நாலு நாள் என்னத்தைப் பாக்கிறது? அடுத்த நாளே வேகாஸுக்கு விட்டமெண்டா பிள்ளைகளும் சந்தோசப்படுவாங்கள்."

அவள் கணவரைப் பார்த்தாள். "எப்ப முடிவு பண்ணீங்க?"

"ராத்திரி கதைச்சனாங்கள்" என்றார் அவர்.

"நான் அங்கதானே இருந்தேன்."

"நீர் குளிச்சுக்கொண்டு நிண்டனீர்."

பத்து வருடம் அலமாரிக்குள் ஒட்டியிருந்தது, அவள் தலைமுழுகி வருவதற்குள் ஒரு ராத்திரியாகிவிட்டது. கோபம் வந்தால் அவளுக்குச் சத்தம் வராது, வாய் இறுகிவிடும். இரண்டாவது காரின் சாவியை எடுத்துக்கொண்டு போய் ஏறினாள். அதில் சந்திரவதனாவும் அவளுடைய இரண்டு பையன்களும் வந்தார்கள். முன்னால் போன காரைச் செல்வரத்தினம் ஓட்டினார். யோகராஜா அவருக்குப் பக்கத்தில் இருந்து தூங்கிக்கொண்டு போனார். தாரிணி பின்சீட்டில் வாக்மனைக் காதில் மாட்டிக்கொண்டு சுருண்டுவிட்டாள்.

மத்தியானம் தாண்டி, பூங்காவுக்கு முந்திய கடைசிப் பெட்ரோல் நிலையத்தில் நிறுத்தினார்கள். ஒரு கடை, இரண்டு பம்பு, ஒரு கொடிக்கம்பம். சுற்றிலும் ஒன்றுமில்லை. காற்று அடுப்பு வாயிலிருந்து வருவது போல வந்தது. யோகராஜா தூங்கி எழுந்த தெம்போடு அவளிடம் வந்தார்.

"தாங்கோ அண்ணி, இனி நான் ஓட்டுறன். நீங்கள் அண்ணையோட போய் இருங்கோ."

அவள் சாவியைக் கொடுத்தாள். கைப்பையை எடுக்கவில்லை, அது அந்தக் காரின் முன்சீட்டுக்குக் கீழே கிடந்தது. கடையில் கழிப்பறைச் சாவியைக் கேட்டு வாங்கிக்கொண்டு கட்டடத்தின் பின்பக்கம் போனாள். முகம் கழுவினாள். அங்கே கொஞ்சம் அதிக நேரம்தான் நின்றாள். கணவரின் பக்கத்துச் சீட்டில் போய் உட்காரப் பிடிக்கவில்லை. கண்ணாடியில் தன் முகத்தைப் பார்த்து, இறுகிய வாயைத் தளர்த்த முயன்றாள். முடியவில்லை. வெளியே வந்தபோது இரண்டு காரும் இல்லை.

வேறு பக்கம் நிறுத்தியிருப்பார்கள் என்று கட்டடத்தைச் சுற்றி வந்தாள். குப்பைத் தொட்டியும் பழைய டயரும் இருந்தன. மறுபடியும் சுற்றினாள். கடையிலிருந்த வயதான அமெரிக்கப் பெண்மணி கதவைத் திறந்து எட்டிப் பார்த்தாள்.

"உன்னுடைய ஆட்கள் கிளம்பிப் போய்விட்டார்களே" என்றாள்.

"இப்போது திரும்பி வருவார்கள்" என்றாள் குணசுந்தரி.

உண்மையில் அப்படித்தான் நினைத்தாள். கடைக்கு முன்னால் நிழலில் ஒரு பெஞ்சு இருந்தது. அதில் உட்கார்ந்து வீதியைப் பார்த்தாள். அது நேராகப் போய், ஒரு மேட்டில் ஏறி, காணாமல் போனது. அந்த மேடு தாண்டினதும் திரும்பியிருப்பார்கள். இல்லை, அடுத்த வளைவில். கடைக்காரப் பெண்மணி கேட்காமலே ஒரு போத்தல் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். பூங்கா அலுவலகத்துக்குப் போன் போடட்டுமா என்று கேட்டாள். வேண்டாம் என்றாள் குணசுந்தரி. போன் போட்டு என்ன சொல்வது? மூன்று பெரியவர்களும் மூன்று பிள்ளைகளும் என்னை மறந்துவிட்டார்கள் என்றா?

நிழல் நகர்ந்து வெயில் அவள் செருப்பைத் தொட்டது. இனி அடுத்த வளைவு என்று சொல்லிக்கொள்ள முடியவில்லை. அப்போதுதான் அவள் வேறு விதமாக யோசிக்கத் தொடங்கினாள். யாருக்கு நான் முதலில் தேவைப்படுவேன்? தாரிணி தூங்குகிறாள். பையன்களுக்குத் தண்ணீர் எங்கே இருக்கிறதென்று தெரியும். சான்ட்விச் பெட்டி சந்திரவதனாவின் மடியில் இருக்கிறது. வரைபடம் இவரிடம் இருக்கிறது. காலையிலிருந்தே நான் இவரோடு பேசாததால், என் சத்தம் கேட்காதது இவருக்கு உறைக்காது. கூடாரம் அடிக்கத் தெரிந்தவள் நான்தான். கூடாரம் அடிக்கும் வரைக்கும் என்னைத் தேட மாட்டார்கள் என்று நினைத்தாள். நினைத்ததும் அவளுக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது.

அவளுக்கு முன்னால் அவள் கேட்ட இடம் விரிந்து கிடந்தது. படத்தில் இருந்ததைவிடப் பெரிதாக இருந்தது. ஒரு சத்தம் இல்லை. கூப்பிட ஒரு ஆள் இல்லை. மலை நிறம் மாறிக்கொண்டிருந்தது. பார்க்க வேண்டும் என்று அவள் கண்ணைத் தூக்கினாள், ஆனால் கண் மறுபடி மறுபடி வீதிக்கே போனது. பத்து வருடம் ஆசைப்பட்டது கண் முன்னால் கிடக்க, காரை எதிர்பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேனே என்று தன் மேலேயே கோபம் வந்தது. அவர்கள் அவளை மட்டும் விட்டுவிட்டுப் போகவில்லை. இதையும் பார்க்க முடியாதபடி செய்துவிட்டுப் போயிருந்தார்கள்.

வெயில் சாய்ந்த பிறகுதான் கார் வந்தது. செல்வரத்தினம் இறங்கினார். சிரித்துக்கொண்டு இறங்கினார்.

"என்ன குணா, நல்லா வெயில் காஞ்சீரோ?"

பின்னால் தாரிணி அழுதுகொண்டு ஓடிவந்து அவளைக் கட்டிக்கொண்டாள். கடைக்காரப் பெண்மணி வாசலில் நின்று செல்வரத்தினத்தை மேலும் கீழும் பார்த்தாள். குணசுந்தரி அவளுக்கு நன்றி சொல்லிவிட்டுக் காரில் ஏறினாள். அவர் வழி முழுக்க விளக்கம் சொல்லிக்கொண்டு வந்தார். நீர் அவங்கட காரில இருக்கிறீர் எண்டு நான் நினைச்சன், என்னோட இருக்கிறீர் எண்டு அவங்கள் நினைச்சாங்கள், ஆர்ட பிழையும் இல்லை. முகாமில் கூடாரம் பாதி விரித்தபடி தரையில் கிடந்தது. கம்பிகள் நாலா பக்கமும் சிதறியிருந்தன. அவள் அதைத் தொடவில்லை. கடைசியில் யோகராஜா போய்ப் பக்கத்து விடுதியில் அறை எடுத்து வந்தார். மறுநாள் காலை லாஸ் வேகாஸுக்குப் போனார்கள்.

லண்டனுக்குத் திரும்பிய பிறகு அது எல்லாரும் சிரிக்கிற பகிடிக் கதையானது.

நவம்பரில் யோகராஜாவின் மூத்த மகனுக்குப் பிறந்தநாள். குட்மேய்ஸில் ஒரு பள்ளிக்கூட மண்டபத்தை வாடகைக்கு எடுத்திருந்தார்கள். ரோல்ஸும் பற்றிஸும் தட்டில் சுற்றி வந்துகொண்டிருந்தன. ஒரு மூலையில் பையன்கள் ஸ்பீக்கரோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார்கள். குணசுந்தரியின் மேசையில் செபஸ்தியாம்பிள்ளை என்றொருவர் இருந்தார். யோகராஜாவோடு கொழும்பில் கடை வைத்திருந்தவர், இப்போது பாரிஸில் இருக்கிறார். அவர் ஒருவர்தான் அந்தக் கதையைக் கேட்டதில்லை.

"அண்ணை, சொல்லுங்கோ. இவருக்குத் தெரியாது" என்றார் யோகராஜா.

செல்வரத்தினம் கதிரையைக் கொஞ்சம் பின்னால் தள்ளிக்கொண்டார். அவர் கதை சொல்லத் தொடங்கினால் அப்படித்தான். இரண்டு கார் வந்தது, சாவி கை மாறியது, முகாமுக்குப் போய்ச் சேர்ந்தது எல்லாம் வந்தது. "கூடாரத்தை விரிச்சாச்சு. கம்பி எது, கயிறு எது எண்டு ஒருத்தருக்கும் விளங்கேல்லை. குணா எங்க எண்டு கேட்டன். உங்கட காரில எண்டு இவன் சொல்லுறான். உன்ர காரில எண்டு நான் சொல்லுறன். அப்பதான் விளங்கினது, கூடாரம் இருக்கு, பிரஷர் குக்கர் இருக்கு, மனுசியை மட்டும் இறக்க மறந்திட்டம் எண்டு." மேசை சிரித்தது. "திரும்பிப் போறன், அந்த வெள்ளைக்காரக் கிழவி என்னை விடுறாளில்லை. இது உன்ர சாமான்தான் எண்டதுக்கு அடையாளம் காட்டு எண்டு நிக்கிறாள்."

அந்தப் பெண்மணி அப்படி ஒரு வார்த்தை பேசவில்லை. அது ஓகஸ்ட் மாதமளவில் கதைக்குள் வந்து சேர்ந்தது. குணசுந்தரி தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

செபஸ்தியாம்பிள்ளை சிரித்தார். ஆனால் அவர் எதையும் சரிபார்க்கிற ஆள் போலிருக்கிறது. "அவ்வளவு தூரம் ஓடியிருக்கிறியள். வழியில எங்கயும் நிக்கேல்லையோ?" என்று கேட்டார்.

"நிண்டனாங்கள்தானே" என்றாள் சந்திரவதனா, குழம்புச் சட்டியோடு வந்தவள். "அந்த வெள்ளை உப்புத் தரையில. எல்லாரும் இறங்கிப் படமும் எடுத்தம். நான் அப்பவே கேட்டனான், அக்கா இறங்கேல்லையோ எண்டு. அத்தான்தான் சொன்னார்…"

அவள் நிறுத்திவிட்டாள். குணசுந்தரி தலையைத் தூக்கினாள். அவர்கள் வழியில் இறங்கி நின்றார்கள் என்பதே அவளுக்கு அன்றுவரை தெரியாது.

"என்ன சொன்னார்?"

"ஒண்டுமில்லை அக்கா. சும்மா."

"சொல்லு சந்திரா."

சந்திரவதனா செல்வரத்தினத்தைப் பார்த்தாள். அவர் சிரிப்பை முகத்தில் அப்படியே வைத்துக்கொண்டு இருந்தார். "கோபத்தில மூஞ்சியைத் தூக்கிக்கொண்டு காருக்குள்ள இருப்பா, விடுங்கோ எண்டு சொன்னார். நான் நினைச்சன் அத்தான்ர காரைத்தான் சொல்லுறார் எண்டு. அவர் எங்கட காரை நினைச்சுச் சொல்லியிருக்கிறார்."

மேசையில் ஒருவர் இரண்டு பேர் இதற்கும் சிரித்தார்கள். கதைக்கு நல்ல ஒரு துண்டு கூடக் கிடைத்துவிட்டது என்ற சிரிப்பு.

"காரெல்லாம் எவ்வளவு தூரத்துல நின்னுச்சு?" என்று கேட்டாள் குணசுந்தரி.

"கிட்டத்தான் அக்கா. இந்த ஹோல் நீளம் இருக்கும்."

குணசுந்தரி மண்டபத்தின் மறு முனையைப் பார்த்தாள். அங்கே கேக் வைத்த மேசைக்குப் பக்கத்தில் தாரிணி யாரோடோ பேசிக்கொண்டிருந்தாள். அவள் காதில் போட்டிருந்த தோடுகூடத் தெரிந்தது. அவ்வளவுதான் தூரம். தன் வீட்டுச் சமையலறையிலிருந்து தபால் எடுக்க வாசலுக்குப் போகிற நடையைவிடக் கொஞ்சம் கூட இருக்கும். அதைத்தான் அவர் நடக்கவில்லை.

அவள் எழுந்தாள். சத்தம் போடவில்லை. மேசையில் இருந்த எல்லாருக்கும் கேட்கிற மாதிரி கணவரிடம் சொன்னாள்: "இத்தன தடவ சொல்லியிருக்கீங்க. இந்த இடம் மட்டும் எப்பவும் விட்டுப்போச்சே. இனிமே சொல்லும்போது இதையும் சேர்த்துச் சொல்லுங்க. நல்லாச் சிரிப்பாங்க."

யாரும் சிரிக்கவில்லை. செபஸ்தியாம்பிள்ளை தன் தண்ணீர்க் கோப்பையை எடுத்து வைத்தார்.

"குணா, இரும்" என்றார் செல்வரத்தினம். "கேக் இன்னும் வெட்டேல்லை."

"நீங்க இருங்க. நான் போறேன்."

அவர் வந்தார். தாரிணியும் வந்தாள். சந்திரவதனா வாசல்வரை பின்னாலேயே ஓடிவந்து, "அக்கா, நான் தெரியாமச் சொல்லிப்போட்டன்" என்றாள். "நீ ஒருத்திதான் கேட்டிருக்க. உன் மேல எனக்கு ஒண்ணுமில்ல" என்று சொல்லிவிட்டு குணசுந்தரி காரை எடுத்தாள்.

பிளாக்வோல் சுரங்கப் பாதைக்கு முன்னால் கார்கள் தேங்கி நின்றன. மழை கண்ணாடியில் வழிந்துகொண்டிருந்தது. அவர்தான் தொடங்கினார்.

"நீர் அவங்கட காரில இருக்கிறீர் எண்டு நான் நம்பித்தான்…"

"அதுல எனக்குக் கோபம் இல்ல" என்றாள் அவள். "ரெண்டு கார், சாவி மாறிப்போச்சு, குழப்பம். யாருக்கும் வரும். இத்தன மாசமா அப்படித்தான் எனக்கு நானே சொல்லிட்டு இருந்தேன். ஆனா நீங்க என்ன மறக்கல. நான் இருக்கேன்னு நினைச்சீங்க. கோபமா இருக்கேன்னும் தெரிஞ்சிருக்கு. தெரிஞ்சும் வந்து ஒரு கதவத் திறந்து பார்க்கல."

"வந்தால் நீர் சண்டை பிடிப்பீர் எண்டு நினைச்சன்."

"சண்டை போட்டிருப்பேன். சண்டை போடுறதுக்கு நான் அங்க இருந்திருந்தா."

முன்னால் நின்ற கார் கொஞ்சம் நகர்ந்தது. அவளும் நகர்த்தினாள்.

"நான் ஆசைப்பட்டுப் போன இடம். எல்லாரும் இறங்கிப் பார்க்குறாங்க. நான் இறங்கல. ஏன்னு உங்களுக்குத் தோணல? கோபமா இருக்கா, விடுங்கோ. கோபமா இருந்தா ஆள் இல்லன்னு அர்த்தமா? நான் சிரிச்சுக்கிட்டு இருந்திருந்தா தேடியிருப்பீங்க, இல்ல? சமைச்சுக்கிட்டு இருந்திருந்தா தேடியிருப்பீங்க. கூடாரத்துக்குத் தேடினீங்களே."

அவர் வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, கதை சொல்கிற குரல் இல்லாத வேறொரு குரலில் பேசினார். "உம்மைக் காணேல்லை எண்டு தெரிஞ்ச உடன எனக்குக் கை நடுங்கிப்போச்சு. சாவியைத் துவாரத்தில போட ஏலாம நிண்டனான். தாரிணியைக் கேளும். வழி முழுக்க என்னென்னமோ நினைச்சன். பெஞ்சில உம்மைக் கண்ட உடன, என்ன சொல்லுறதெண்டு தெரியாமத்தான் சிரிச்சன். பிறகு அதைப் பகிடியாத்தான் சொல்ல முடிஞ்சது."

பின்சீட்டிலிருந்து தாரிணி ஆங்கிலத்தில் சொன்னாள், அது உண்மைதான், அப்பாவுக்கு நடுங்கியது, நான் பார்த்தேன் என்று. கொஞ்சம் பொறுத்து, ஆனால் அதை அப்பா ஒரு நாளும் யாருக்கும் சொல்லவில்லையே என்றும் சொன்னாள்.

குணசுந்தரிக்கு அதைக் கேட்டதும் மனம் இளகியிருக்க வேண்டும். அவளும் இளகுமா என்று பார்த்தாள். இல்லை. "உங்க பயம் உங்களோட இருக்கட்டும்" என்றாள். "நான் அந்த பெஞ்சுல உக்காந்திருந்தது என்னோடது. அத நீங்க எடுத்து ஊரெல்லாம் வித்துட்டீங்க. நானும் பக்கத்துல இருந்து பல்லக் காட்டிட்டு இருந்தேன்."

வரிசை நகர்ந்ததும் அவள் காரைச் சுரங்கப் பாதைக்குள் விட்டாள்.

அந்தக் குளிர்காலம் டூட்டிங் வீட்டில் சண்டையும் இல்லை, சமாதானமும் இல்லை. அவள் வேலைக்குப் போனாள், வந்தாள், சமைத்தாள். கேட்ட கேள்விக்குப் பதில் சொன்னாள். அவர் இரண்டு தடவை மன்னிப்புக் கேட்டார். முதல் தடவை தொலைக்காட்சியைப் பார்த்துக்கொண்டே கேட்டார், அதை அவள் கணக்கில் எடுக்கவில்லை. இரண்டாவது தடவை அவள் காலை வேலை முடிந்து வந்து காலிலிருந்து சப்பாத்தைக் கழற்றிக்கொண்டிருந்தபோது, வாசலில் அவளுக்கு முன்னால் வந்து நின்று கேட்டார். "நான் வந்து பாத்திருக்க வேணும். நான் செய்தது பிழை" என்றார். வேறொன்றும் சேர்க்கவில்லை. அவள், "ஆமா" என்றாள். சப்பாத்தை ஓரமாக வைத்துவிட்டு உள்ளே போனாள். அவ்வளவுதான் அன்றைக்கு அவளால் முடிந்தது.

தை மாதம் அவள் ஏப்ரலுக்கு லீவு கேட்டாள். பூங்காவுக்குப் போன் பண்ணி நான்கு இரவுக்கு இடம் கேட்டாள். அவர் மாடிப்படியில் நின்று அதைக் கேட்டுக்கொண்டிருந்தார். அவள் போனை வைத்ததும் இறங்கி வந்தார்.

"நானும் வரலாமோ?" என்றார்.

பதினெட்டு வருடத்தில் அவர் அப்படி ஒரு கேள்வி கேட்டது அதுதான் முதல் தடவை என்று அவளுக்குப் பட்டது. எப்போதும் வாறன், போறன், ஓம் எண்டிட்டன் என்றுதான் பேச்சு. அதனாலேயே அவளால் உடனே இல்லை என்று சொல்ல முடியவில்லை. "யோசிச்சுச் சொல்றேன்" என்றாள்.

உண்மையாகவே யோசித்தாள். வார்டில் யோசித்தாள், பஸ்ஸில் யோசித்தாள். அவர் வந்தால் தண்ணீர் தூக்குவார், காரை நன்றாக ஓட்டுவார், இந்தத் தடவை அவள் எங்கே என்று நிமிடத்துக்கு ஒரு தரம் பார்த்துக்கொண்டும் இருப்பார். அவர் பார்க்கிறாரா என்று அவளும் பார்த்துக்கொண்டிருப்பாள். அப்படியானால் மலையை யார் பார்ப்பது? மாசியில் ஒரு நாள் சாப்பாட்டு மேசையில் சொன்னாள்.

"இந்தத் தடவ வேண்டாங்க. நானும் தாரிணியும் மட்டும் போறோம்."

"சரி" என்றார் அவர். எந்த நாள் விமானம் என்று கேட்டார். ஹீத்ரோவுக்குத் தான் கொண்டுபோய் விடலாமா என்றும் கேட்டார். அதற்கு அவள் சரி என்றாள்.

பயணத்துக்கு முந்திய வாரம் யோகராஜாவின் போன் வந்தது. குணசுந்தரி குசினியில் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள். போன் குசினிக்கு வெளியே நடையில் இருந்தது, யோகராஜாவின் குரல் எப்போதும் போல் பெரிதாக வெளியே கேட்டது. யாரோ அவர் பக்கத்தில் இருந்து சிரிப்பதும் கேட்டது.

"என்னண்ணை, திருப்பியும் பாலைவனமாம். இந்தமுறை அண்ணியை எந்தப் பெட்ரோல் ஸ்டேசனில விட்டிட்டு வரப் போறியள்?"

குணசுந்தரியின் கத்தி நின்றது.

"நான் போகேல்லை" என்றார் செல்வரத்தினம்.

"ஏன், வேலையோ?"

"வேலையில்லை. கேட்டனான். அவ என்னைக் கூட்டிக்கொண்டு போகேல்லை எண்டு சொல்லிப்போட்டா."

மறுமுனையில் சிரிப்புச் சத்தம் அடங்கியது. யோகராஜா என்னவோ தாழ்ந்த குரலில் கேட்டார், அது அவளுக்குக் கேட்கவில்லை.

"இல்லையடா" என்றார் செல்வரத்தினம். "அவ சொன்னது சரிதான்."

அவர் போனை வைத்துவிட்டுக் குசினிப் பக்கம் வராமல் முன்னறைக்குப் போனார். குணசுந்தரி அங்கேயே நின்றாள். கோபம் இன்னும் இருந்தது. அதைத் தொட்டுப் பார்க்க முடிகிற அளவுக்கு இருந்தது. ஆனால் இப்போது அது அவளிடம் மட்டும்தான் இருந்தது, பகிடியாக யாருடைய மேசையிலும் இல்லை. அவள் மிச்ச வெங்காயத்தையும் நறுக்கி முடித்து, சட்டியை அடுப்பில் வைத்தாள்.